புளியரை ஏற்றத்தில் விடியுமுன் சைக்கிள்: எந்த லைட் வாங்கலாம்?

கோட்டைவாசல்:

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டையில இருந்து ஆரியங்காவு வரைக்கும் தினமும் சைக்கிள்ல வேலைக்குப் போகணும். காலையில நாலரை மணிக்குக் கிளம்பணும், சாயங்காலம் இருட்டின பிறகு திரும்பணும். புளியரை வரைக்கும் சமதளம்தான். ஊருக்குள்ள தெருவிளக்கு உண்டு, வயக்காட்டுப் பக்கம் கிடையாது. எஸ் வளைவு ஏறினதும் காடு, கும்மிருட்டு. 744 நெடுஞ்சாலைங்கிறதால ராத்திரி முழுக்க லாரி ஓடிக்கிட்டே இருக்கும். சாரல் காலத்துல மேகம் இறங்கி ரோட்டு மேலேயே நிக்கும்.

என் சைக்கிள் கியர் வச்சது, டிஸ்க் பிரேக், ஹேண்டில் நடுவுல 31.8 மி.மீ. கடையில 500 ரூபாய்க்கு '10000 லூமன்'னு ஒரு லைட் இருக்கு. 2500 ரூபாய்க்கு '600 லூமன்'னு ஒண்ணு இருக்கு. விலை கூடினதுக்கு வெளிச்சம் ஏன் குறைவுன்னு புரியலை.

இன்னொண்ணு, அப்பாவோட 24 இஞ்ச் பழைய சைக்கிள். கம்பி பிரேக், வெள்ளி ரிம். ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்கவிட்டு புளியரையில இருந்து செங்கோட்டைக்கு வருவாங்க. அதுல பழைய பாட்டில் டைனமோ இருக்கு, சுத்துது, ஆனா லைட் எரியலை. அதைச் சரி பண்ணலாமா, இல்ல பேட்டரி லைட்டே வாங்கிடலாமா?

ரெண்டு சைக்கிளுக்கும் சேர்த்து 4000 ரூபாய் வரைக்கும் போடலாம்.

பண்பொழி சைக்கிள் கடை:

தம்பி, லூமன்ல, அதாவது லைட் மொத்தமா விடுற வெளிச்ச அளவுல இருந்து ஆரம்பிக்காதீங்க. நீங்க என்ன வேகத்துல போறீங்க, உங்க பிரேக் எத்தனை மீட்டர்ல நிறுத்தும், இதுல இருந்து ஆரம்பிங்க. வண்டி நிக்கிற தூரத்துக்கு வெளிச்சம் எட்டலைன்னா பள்ளம் கண்ணுல படும்போது நீங்க அதுக்குள்ள இருப்பீங்க.

ஏத்தத்துல 8 கி.மீ. வேகம்னா 5 மீட்டர்ல நின்னுடலாம். அங்கே 150, 200 லூமனே தாராளம். சமதளத்துல 25 கி.மீ. வேகம்னா நொடிக்கு 7 மீட்டர் ஓடுது. கண்ணு பார்த்து கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடின்னு வைங்க, அதுக்கே 10 மீட்டர் போயிடும். ஈர ரோட்டுல பிரேக் பிடிச்சு நிக்க இன்னொரு 8 மீட்டர். ஆக 18 மீட்டர். சாயங்காலம் புளியரைக்கு இறங்கும்போது 35 போனீங்கன்னா கணக்கு 30 மீட்டருக்குப் போயிடும். 30 மீட்டர் தள்ளிக் கிடக்கிற ஜல்லியும் குழியும் தெளிவாத் தெரியணும். உங்களுக்கு லைட் உண்மையா வேலை செய்ய வேண்டிய இடம் இந்த இறக்கம்தான்.

தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒரு பங்கா குறையும். அதனால மொத்த லூமனைவிட அது எங்கே போய் விழுதுங்கிறதுதான் முக்கியம். சாதாரண டார்ச் மாதிரி வட்டமா அடிக்கிற லைட்ல பாதி வெளிச்சம் மரத்துக்கும் எதிர்ல வர்றவன் கண்ணுக்கும் போயிடும். மேல்பக்கம் வெட்டின பீம்னு ஒண்ணு உண்டு. பைக் ஹெட்லைட்டை டிம் பண்ணினா சுவத்துல மேலே ஒரு கோடு விழுமே, அதே மாதிரி. ஜெர்மனியில சைக்கிள் லைட்டுக்கு இதைச் சட்டமாவே வச்சிருக்காங்க: 10 மீட்டர் தூரத்துல நடுப்பகுதி குறைஞ்சது 10 லக்ஸ் (ஒரு இடத்துல வந்து விழுற வெளிச்சத்தோட அளவு) இருக்கணும், கோட்டுக்கு மேலே வெளிச்சம் ரொம்பக் குறைவா இருக்கணும். அந்த விதிக்குச் செஞ்ச லைட் 300 லூமனா இருந்தாலும், வட்ட பீம் 600 லூமன் காட்டுற அளவுக்கு ரோட்டைக் காட்டும்.

வளைவுக்கு ஒரு விஷயம் கவனிங்க. ஹேண்டில்ல இருக்கிற லைட் வண்டி இப்போ பார்க்கிற திசையிலதான் அடிக்கும், வண்டி போகப் போற திசையில அடிக்காது. எஸ் வளைவுல ஒல்லியா, தூரமா அடிக்கிற லைட் வச்சிருந்தா வெளிச்சம் பாறையில விழும், நீங்க திரும்புற பக்கம் இருட்டா இருக்கும். ஓரத்துக்கும் விரியிற பீம்தான் உங்க ரோட்டுக்குச் சரி. கடையில வாங்குறப்போ 5 மீட்டர் தள்ளி சுவத்துல அடிச்சுப் பாருங்க. நடுவுல ஒரு பொட்டு மட்டும் பளிச்சுனு இருந்து சுத்தி ஒண்ணுமில்லைன்னா அதை வச்சிட்டு வந்துடுங்க.

மாட்டுற விதம். 31.8 மி.மீ. ஹேண்டில்னா ஸ்க்ரூ கிளாம்ப் வச்ச லைட்டே வாங்குங்க. ரப்பர் வார் போட்டு மாட்டுறது வேகத்தடையில ஏறி இறங்கினா தலை குனிஞ்சிடும். வார் மட்டும்தான் கிடைக்குதுன்னா, பழைய ட்யூப்ல ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி ஹேண்டில்ல ஒரு சுத்து சுத்தி, அது மேல மாட்டுங்க. பிரேக் ஒயரும் கியர் ஒயரும் லைட்டுக்கு முன்னால குறுக்கே போகக் கூடாது. போனா அந்த ஒயர் வெளிச்சம் பட்டு உங்க கண்ணுக்கு நேரா மின்னிக்கிட்டே இருக்கும், ரோட்டுல அதோட நிழலும் விழும். மேல் வெட்டின பீம் லைட்டைத் தலைகீழா தொங்கவிடாதீங்க. வெட்டுக்கோடு கீழே போய், வெளிச்சம் முழுக்க எதிர்ல வர்றவங்க முகத்துல அடிக்கும்.

சாய்மானத்துக்கு ஒரு சுலபமான அளவு: லைட் தரையில இருந்து 1 மீட்டர் உயரத்துல இருந்தா, 5 மீட்டர் தள்ளியிருக்கிற சுவத்துல பீமோட நடு அரை மீட்டர் உயரத்துல விழணும். அப்படி வச்சா 10 மீட்டர்ல ரோட்டைத் தொடும், ஏத்தத்துக்கும் ஊருக்குள்ளயும் போதும். இறக்கத்துக்கு முன்னால கொஞ்சம் நிமிர்த்துங்க, சுவத்துல முக்கால் மீட்டர் வர்ற மாதிரி. அப்போ பீமோட நடு 20 மீட்டருக்குப் போகும், மேல்விளிம்பு அதையும் தாண்டி எட்டும். கிளாம்ப்ல ரெண்டு இடத்துக்கும் பெயின்ட்டால ஒரு புள்ளி வச்சிட்டா இருட்டுல தடவ வேண்டாம்.

பாலிடெக்னிக் டீச்சர்:

அந்த 10000 லூமன் கணக்கைப் பார்ப்போம். எல்இடி, உள்ளே இருக்கிற சர்க்யூட், லென்ஸ் மூணுலயும் போற நஷ்டத்தைக் கழிச்சா ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் வெளியே வரும். 10000 லூமனுக்கு 100 வாட் வேணும். உள்ளே இருக்கிறது 18650ங்கிற அளவுல ஒரே ஒரு லித்தியம் செல். நல்ல செல்லா இருந்தா 3.6 வோல்ட், 3000 எம்ஏஎச், அதாவது கிட்டத்தட்ட 11 வாட்-மணி. 100 வாட் எடுத்தா ஆறேழு நிமிஷத்துல காலியாகணும், அதுக்குள்ள அந்தக் குட்டி அலுமினிய உடம்பு கையில தொட முடியாத அளவுக்குச் சுட்டுடும். ஆக அட்டையில போட்ட எண் பொய். அந்த மாதிரி லைட் பெரும்பாலும் 200, 300 லூமன்தான் தரும். 2500 ரூபாய் லைட் 600னு போட்டிருக்குன்னா அது நடக்கக்கூடிய எண்.

இதே கணக்கை உங்க தேவைக்குப் போடுங்க. 600 லூமன்னா 6 வாட். 11 வாட்-மணி பேட்டரி ரெண்டு மணி நேரத்துக்கும் குறைவாத்தான் தாங்கும். ஆனா நீங்க எல்லா நேரமும் 600ல போக வேண்டியதில்லை. ஏத்தத்துல 200, சமதளத்துல 300, இறக்கத்துல மட்டும் 600 வச்சீங்கன்னா காலையும் சாயங்காலமும் சேர்த்து 8 வாட்-மணிக்குள்ள முடியும். தினமும் ராத்திரி சார்ஜ் போட்டாப் போதும்.

ஏத்தத்துல குறைச்சு வைக்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எல்இடிக்குக் குளிர்ச்சி தர்றது ஓட்டத்துல வர்ற காத்து. 8 கி.மீ. வேகத்துல காத்து போதாது. முழு வெளிச்சத்துல வச்சா உடம்பு சூடாகி, சர்க்யூட் தானே வெளிச்சத்தைக் குறைச்சிடும். அதோட பேட்டரி வீணாகும், செல்லோட ஆயுளும் குறையும்.

செல்லைக் கழட்டி மாத்துற மாதிரி லைட் வாங்கினா ஒரு உபரி செல் பையில கிடக்கட்டும். ஆனா '9900 எம்ஏஎச்'னு போட்ட 18650 செல்லைத் தொடாதீங்க. அந்த அளவு செல்லுல அவ்வளவு கொள்ளளவு கிடையாது. சந்தையில கிடைக்கிற நல்ல செல்லே 3500 பக்கம்தான். தராசுல வச்சுப் பாருங்க, நிஜமான செல் 45 கிராம் பக்கத்துல இருக்கும். 30 கிராம் காட்டினா உள்ளே பாதி காலி.

டைப்-சி சார்ஜிங்ல ஒரு சிக்கல் பலருக்கும் வருது. விலை குறைஞ்ச லைட்ல டைப்-சி துளை இருந்தாலும், உள்ளே போட வேண்டிய ரெண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போட்டிருக்க மாட்டாங்க. அதனால ரெண்டு முனையும் டைப்-சியா இருக்கிற ஒயர்ல புது போன் சார்ஜரோட சொருகினா சார்ஜ் ஏறாது. லைட் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியா இருக்கிற ஒயரைப் போடுங்க, ஏறும்.

தண்ணி தாங்குறதுக்கு ஐபிஎக்ஸ்னு ஒரு தரக்குறி உண்டு: ஐபிஎக்ஸ்4னா நாலாபக்கமும் தெறிக்கிற தண்ணியைத் தாங்கும். ஐபிஎக்ஸ்6னா பலமா பீய்ச்சி அடிக்கிறதைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் முங்கினாலும் தாங்கும். சாரலுக்கு 4 போதும்னு தோணும். ஆனா லாரி டயர்ல இருந்து வர்ற தண்ணி சாரல் இல்லை, அது பீய்ச்சி அடிக்கிறது. 6 இருக்கிறதா பாருங்க. எந்த எண்ணா இருந்தாலும் அது சார்ஜிங் மூடி இறுக்கமா மூடியிருந்தாத்தான் செல்லும். நனைஞ்ச லைட்டை வீட்டுக்கு வந்ததும் சார்ஜ்ல சொருகாதீங்க. துளைக்குள்ள ஈரம் இருக்கிறப்போ கரன்ட் போனா பின் பச்சை பிடிச்சு அரிச்சுடும். துடைச்சு, மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் ஃபேன் காத்துல வச்சிட்டு அப்புறம் போடுங்க.

பத்துச்சக்கரம்:

எல்லாரும் முன் லைட்டையே பேசுறீங்க. அந்த ரோட்டுல உயிர் போறது பின்னால இருந்து. லாரி சீட்ல உக்காந்து பார்க்கிறவன் கணக்கைச் சொல்றேன்.

ரேடியம் ஸ்டிக்கரும் ரிஃப்ளெக்டரும் எங்க ஹெட்லைட் அது மேல பட்டாத்தான் மின்னும். நேர் ரோட்டுல படும். வளைவுல எங்க வெளிச்சம் நேரா போய் மரத்துல அடிக்குது, வளைவுக்குள்ள போற சைக்கிள் மேல படவே படாது. வண்டி திரும்பி முடிக்கிறப்போதான் படும், அப்போ தூரம் கிடையாது. லோடு லாரி இறக்கத்துல எஞ்சின் பிரேக்ல வருது, சட்டுனு நிக்காது. அதனால தானா எரியிற சிவப்பு லைட் கட்டாயம். ரேடியம் அதுக்குத் துணை மட்டும்தான்.

பின் லைட் ரெண்டு வைங்க. ஒண்ணு நிலையா எரியணும், இன்னொண்ணு மெதுவா மின்னணும். மின்னுறது மட்டும் இருந்தா அங்கே ஏதோ இருக்குன்னு தெரியும், எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கண்ணு பிடிக்காது. படபடன்னு வேகமா மின்னுறது இன்னும் மோசம். ராத்திரிக்கு 20, 30 லூமன் போதும். மேகம் இறங்கின அன்னைக்கு 50க்கு மேல இருக்கணும்.

சீட் குழாய் பின்பக்கமா சாஞ்சிருக்கும். அதுல லைட்டை அப்படியே ஒட்டி மாட்டினா அது ரோட்டைப் பார்த்து எரியும், எங்களைப் பார்க்காது. ரப்பர் ஆப்பு வச்சோ, சாய்க்கிற கிளாம்ப் போட்டோ தரைக்குச் செங்குத்தா நிக்க வைங்க. பத்தடி பின்னால குத்துக்கால் போட்டு உக்காந்து பாருங்க, கண்ணைக் குத்தினா சரி. அப்பா சைக்கிள்ல கேன் பின்னால நீட்டிக்கிட்டு இருக்கும், சீட்டுக்கு அடியில லைட் வச்சா ஒருத்தருக்கும் தெரியாது. கேரியரோட கடைசிக் கம்பியில ஒரு தகடு வச்சு அதுல மாட்டுங்க. ரெண்டு கேனுக்கும் பின்பக்கம் சிவப்பு ரேடியம் ஒட்டுங்க. அகலம் தெரிஞ்சாத்தான் நாங்க எவ்வளவு விலகணும்னு புரியும்.

பெடல்ல மஞ்சள் ரிஃப்ளெக்டர் உடைஞ்சிருந்தா புதுசா போடுங்க. மேலும் கீழும் ஆடுற மஞ்சள் புள்ளியைப் பார்த்தாலே சைக்கிள்னு தெரிஞ்சிடும். கணுக்கால்ல ரேடியம் பட்டை கட்டினாலும் அதே பலன்.

எதிர்ல ஹைபீம் போட்டு லாரி வந்தா அதைப் பார்க்காதீங்க, இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பாருங்க. வேகத்தைக் குறைங்க. உங்க லைட்டைத் தூக்கி அவன் கண்ணுல அடிச்சு பதில் சொல்றது வேண்டாம், கண்ணு கூசினவன் உங்க பக்கம்தான் வருவான்.

ரப்பர்தோட்டம்:

ரப்பர் மரத்துல பால்வெட்டுக்குத் தலையில கட்டுற ஹெட்லைட்டே போதுமே. ஆயிரம் ரூபாய்க்குள்ள நல்லது கிடைக்குது, கையும் ஃப்ரீ, தலை திரும்புற பக்கம் வெளிச்சம் வரும். மேல சொன்ன வளைவுப் பிரச்சினையும் தீருது. தனியா சைக்கிள் லைட் எதுக்கு?

பண்பொழி சைக்கிள் கடை:

அண்ணாச்சி, மரத்துல பட்டையைப் பார்க்கிறதுக்கு அது ரொம்பச் சரி. ரோட்டுக்கு அதை மட்டும் நம்ப முடியாது, காரணம் நிழல். பள்ளம் நம்ம கண்ணுக்குத் தெரியறது அதோட விளிம்பு உள்ளே போடுற நிழலால. லைட் கண்ணுக்குப் பக்கத்துலயே இருந்தா நிழல் பள்ளத்துக்குப் பின்னால ஒளிஞ்சிடும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. ரோடு முழுக்கச் சப்பையா, ஒரே நிறமா தெரியும். ஹேண்டில்ல இருக்கிற லைட் கண்ணைவிட அரை மீட்டர் கீழே இருக்கிறதால குழி கறுப்பா எடுத்துக் காட்டும்.

மேகத்துக்குள்ள தலை லைட் இன்னும் மோசம். நீர்த்துளி எல்லாம் வெளிச்சத்தை நேரா கண்ணுக்கே திருப்பி அனுப்பும், முன்னால வெள்ளைச் சுவர் நிக்கும். அங்கே லைட் எவ்வளவு கீழே இருக்கோ அவ்வளவு நல்லது. ஹேண்டிலை விட ஃபோர்க் மேல்முனையில மாட்டினா இன்னும் தெளிவு. வெளிச்சத்தைக் கூட்டாதீங்க, 150, 200க்குக் குறைச்சு, மூக்கைத் தாழ்த்தி, 6, 7 மீட்டர்ல ரோட்டைத் தொடுற மாதிரி வைங்க. வேகமும் அந்த 6 மீட்டருக்குள்ள நிக்கிற வேகமா இருக்கணும்.

லைட் மேல மஞ்சள் பேப்பர் ஒட்டினா பனியைக் கிழிச்சுக்கிட்டுப் போகும்னு சொல்வாங்க, அது நடக்காது. பனித்துளி ஒளியோட அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிசு, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பேப்பர் ஒட்டினதுக்கு வெளிச்சம் குறைஞ்சதுதான் மிச்சம். நீலம் அடிக்கிற 6500 கெல்வின் லைட்டை விட்டு 4000, 5000 கெல்வின் வாங்கினா கண்ணுக்கு உறுத்தல் குறையும், அது வரைக்கும் உண்மை.

தலை லைட்டை ரெண்டாவது லைட்டா வச்சுக்கலாம். வளைவுல உள்பக்கம் பார்க்க, செயின் கழண்டா மாட்ட, பஞ்சர் பார்க்க அதைவிட உதவி இல்லை. முன் லைட் திடீர்னு அணைஞ்சா இறக்கத்துல நிறுத்துற வரைக்கும் கைகொடுக்கிறதும் அதுதான். ஆனா அதைச் சைக்கிள்ல போறப்போ மினிமம்ல வைங்க. பேசுறவங்களைத் திரும்பிப் பார்த்தா நேரா அவங்க கண்ணுல அடிக்கும். வன எல்லையில யானையோ காட்டுமாடோ நின்னா அதோட முகத்துல அடிக்காதீங்க, லைட்டைத் தரைக்குத் தாழ்த்தி தூரத்துலயே நில்லுங்க.

கோட்டைவாசல்:

எல்லாருக்கும் நன்றி, ரொம்பத் தெளிவாச்சு. டீச்சர், அந்த டைனமோ விஷயம் மட்டும் பாக்கி. பழைய பல்பு ரெண்டும் கறுத்துப் போயிருக்கு. அதுக்குப் பதிலா எல்இடி போடலாமா? நேரா சொருகினா எரியுமா?

பாலிடெக்னிக் டீச்சர்:

போடலாம், நல்லாவே வேலை செய்யும். செங்கோட்டை - புளியரை சமதளத்துக்கு டைனமோ ரொம்பப் பொருத்தம், சார்ஜ் மறந்தாலும் கவலை இல்லை.

முதல்ல டைனமோ உயிரோட இருக்கான்னு பாருங்க. மல்டிமீட்டரை ஏசி 20 வோல்ட்ல வச்சு, ஒரு முனையை டைனமோ அடியில இருக்கிற ஸ்க்ரூவுலயும் இன்னொண்ணை டைனமோ உடம்புலயும் தொட்டு சக்கரத்தைச் சுத்துங்க. சில வோல்ட் ஏறி இறங்கினா நல்லா இருக்கு. பெரும்பாலும் கோளாறு டைனமோவுல இருக்காது, எர்த்துல இருக்கும். பழைய சைக்கிள்ல ஒரே ஒரு ஒயர்தான் லைட்டுக்குப் போகும், திரும்பி வர்ற பாதை சைக்கிள் ஃபிரேமே. டைனமோ கிளாம்ப்ல கூரான ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு, அது பெயின்டைத் துளைச்சு இரும்பைத் தொடணும். மேல பெயின்ட் அடிச்சிருந்தாலோ துரு பிடிச்சிருந்தாலோ பாதை அறுந்துடும். அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஸ்க்ரூவை முறுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க. லைட் மாட்டின இடத்துலயும் அதே மாதிரி தேய்க்கணும்.

பல்பு ரெண்டும் சேர்ந்து கறுத்ததுக்கும் காரணம் உண்டு. இந்த டைனமோ 6 வோல்ட், 3 வாட், முன்னால 2.4 வாட், பின்னால 0.6 வாட் பல்பு ரெண்டும் சேர்ந்து எரியறதுக்கு ஏத்த மாதிரி செஞ்சது. எவ்வளவு வேகமா சுத்தினாலும் அது தள்ளுற கரன்ட் அரை ஆம்பியர் பக்கத்துலயே நிக்கும். ஒரு பல்பு போயிட்டா அந்தக் கரன்ட் முழுக்க மத்ததுக்குப் போகும், அதுவும் போயிடும். அதனால ஒண்ணு கறுத்ததும் உடனே மாத்தணும்.

இந்த அரை ஆம்பியர் குணம்தான் எல்இடிக்கு வசதி. ஆனா டைனமோ தர்றது ஏசி, நேரா சொருகினா எல்இடி கெட்டுப்போகும். ஏசி, டிசி ரெண்டுக்கும் ஏத்த 6 வோல்ட் எல்இடி பல்பு கிடைச்சா அதைச் சொருகினாலே போதும், வேற வேலை இல்லை. கிடைக்கலைன்னா நாமே செய்யலாம்: 1என்5819 ஷாட்கி டயோடு நாலு வாங்கி, ஏசியை டிசியா மாத்துற பிரிட்ஜ் கட்டுங்க. 1என்4007 போட்டாலும் ஓடும், ஆனா அதுல விழுற வோல்ட் அதிகம், மெதுவா போறப்போ லைட் மங்கும். பிரிட்ஜோட வெளியீட்டுல ரெண்டு 3 வாட் வெள்ளை எல்இடியைத் தொடரா இணைங்க. 3 வாட் ரகம்தான் அரை ஆம்பியரைச் சிரமம் இல்லாம தாங்கும். ரெண்டையும் அலுமினியத் தகடுல ஹீட் பேஸ்ட் வச்சு இறுக்கணும்.

மெதுவா போறப்போ மினுக்கு அடிக்குதுன்னா 2200 மைக்ரோஃபேரட் 16 வோல்ட் கபாசிட்டர் ஒண்ணு போடலாம். அப்படிப் போட்டா, சக்கரம் ஓடும்போது எல்இடி ஒயரைக் கழட்டவே கூடாது. தாங்க ஆளில்லாம வோல்ட் ஏறி கபாசிட்டர் வெடிக்கும்.

முக்கியமா ஒரு பொறி இருக்கு. டைனமோவோட ஒரு பக்கம் ஏற்கெனவே ஃபிரேம்ல எர்த் ஆகியிருக்கு. பிரிட்ஜுக்குப் பிறகு வர்ற பிளஸ், மைனஸ் ரெண்டுமே ஃபிரேமைத் தொடக் கூடாது. பழைய லைட் கூடு உலோகம், அதுல மைனஸை எர்த் பண்ணினா ஒரு டயோடு ஷார்ட் ஆகி, வெளிச்சம் பாதியாகும். அதனால கூட்டுக்குள்ள எல்லாத்தையும் ஃபைபர் தகடு மேல வச்சு, ஒயரை ரெண்டு கம்பியா இழுங்க.

ரெண்டு குறை இதுல தீராது. நின்னா லைட் அணையும், பால் இறக்க ரோட்டோரம் நிக்கிறப்போ இருட்டுல நிப்பாங்க. பின்னால பேட்டரி லைட் ஒண்ணு தனியா இருக்கணும்னு சொல்றது அதுக்குத்தான். இன்னொண்ணு, மழையில டைனமோ உருளை டயர்ல வழுக்கும். டயர் பக்கவாட்டுல ஒட்டின சேற்றைத் துடைச்சு, உருளைக்கு ரப்பர் தொப்பி போட்டாக் குறையும். டைனமோவோட அச்சுக்கு நேரா ஒரு நூல் பிடிச்சா அது சக்கரத்தோட நடு அச்சு வழியாப் போகணும். கோணலா இருந்தா டயரோட நூல் தெரியற வரைக்கும் தேய்ச்சுத் தின்னும்.

பண்பொழி சைக்கிள் கடை:

அப்பா சைக்கிளுக்கு ஒண்ணு சேர்த்துச் சொல்லணும். வெள்ளி ரிம்மும் கம்பி பிரேக்கும் நனைஞ்சா பிடிப்பு ரொம்பக் குறைஞ்சிடும், 15 கி.மீ. வேகத்துலயே 15 மீட்டர் தேவைப்படும். கேன் நிறைஞ்சிருந்தா இன்னும் கூடும். லைட்டுக்கு முன்னால பிரேக் கட்டை நாலையும் மாத்துங்க. கட்டை ரிம்மோட முழு அகலத்துல உக்காருதான்னு பாருங்க.

4000 ரூபாயை இப்படிப் பிரிக்கலாம். உங்க முன் லைட்டுக்கு 2000, 2500. விரிஞ்ச பீம், ஐபிஎக்ஸ்6, 500ல இருந்து 600 லூமன், குறைஞ்சது மூணு நிலை. பின் லைட் ரெண்டுக்கு 600. அப்பாவுக்குப் பின்னால சார்ஜ் லைட் வேண்டாம், ஏஏஏ பேட்டரி போடுற சிவப்பு லைட் 200, 250ல கிடைக்கும். பேட்டரி தீர்ந்தா பெட்டிக்கடையிலயே வாங்கிப் போட்டுக்கலாம். எல்இடி, டயோடு, ஒயர் எல்லாம் சேர்த்து 200. பிரேக் கட்டை, ரேடியம் 150. மிச்சத்துல தலை லைட்.

கோட்டைவாசல்:

சரிங்கண்ணாச்சி. முன் லைட்டை மின்னுற மோடுல வச்சா பேட்டரி அதிக நேரம் வரும்னு அட்டையில போட்டிருக்கு. காலையில சமதளத்துல அப்படி ஓட்டலாமா?

பத்துச்சக்கரம்:

இருட்டுல வேண்டாம். முன்னால மின்னுறது பகல்ல மழை நேரத்துக்கு மட்டும். இருட்டுல ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவுல உங்களுக்கே ரோடு தெரியாது, 25 கி.மீ. வேகத்துல அரை நொடி இருட்டுன்னா மூணரை மீட்டர் கண்ணை மூடிக்கிட்டுப் போறதுக்குச் சமம். எதிர்ல வர்றவனுக்கும் நீங்க எந்தப் பக்கம் நகர்றீங்கன்னு புரியாது. பேட்டரி மிச்சம் பண்ணணும்னா 150 லூமன்ல நிலையா வைங்க.

பாலிடெக்னிக் டீச்சர்:

அதோட, வாங்கின அன்னைக்கே வீட்டுல ஒரு சோதனை பண்ணிடுங்க. முழு சார்ஜ் ஏத்தி, நடு நிலையில எரியவிட்டு, டேபிள் ஃபேனை எதிர்ல வச்சு, எத்தனை மணி நேரத்துல மங்குதுன்னு பாருங்க. ஃபேன் இல்லாம வச்சா சூட்டுல சீக்கிரம் மங்கி தப்பான கணக்கு காட்டும். அட்டையில போட்டதுல முக்கால் பங்கு கூட வரலைன்னா பில்லோட கடைக்குக் கொண்டுபோய் மாத்திக்கோங்க. பேட்டரி குறைஞ்சதும் எச்சரிக்கை விளக்கு சிவப்பாகி அதுக்கப்புறம் எத்தனை நிமிஷம் எரியுதுன்னும் குறிச்சு வைங்க. சில லைட் சிவப்பு காட்டின அஞ்சு நிமிஷத்துல பொட்டுனு அணையும், சிலது 100 லூமனுக்கு இறங்கி இன்னும் அரை மணி நேரம் ஓடும். எஸ் வளைவுக்கு மேல காட்டுக்குள்ள ஓட்டுறதுக்கு ரெண்டாவது ரகம் வாங்குங்க.